மேட்டில் நிற்கும் வண்டி

கிளென்ரோ தோட்டம், பகாவ்.
6.2.1994

அன்புள்ள அந்தோனியம்மாளுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

நீ சிங்கப்பூரிலிருந்து ஏற்றிவிட்ட பேட்டரி வண்டி வந்து சேர்ந்தது. மீன் லாரியில் அனுப்பினாயோ என்னவோ, இரண்டு நாள் சோப்புப் போட்டுத் துடைத்தும் வாடை போகவில்லை. லயத்து வீடுகளில் உள்ளவர்கள் எல்லாம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பெரிய கிராணி திருநாவுக்கரசு கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஆபீஸிலிருந்து இறங்கி வந்து, "யாருலா வாங்கிக் குடுத்தது ஆம்புரோசு, சிங்கப்பூர் சம்சாரமா?" என்றார். "வேற யாரு குடுப்பா?" என்றேன். கால் எடுத்த நாளிலிருந்து வாசற்படியில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் முகங்களைப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இன்று காலையில் சாவி போட்டால் விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, வண்டி மட்டும் அசையவில்லை. உங்கள் முதியோர் இல்லத்தில் இறந்துபோன சீனக் கிழவரின் வண்டி என்று எழுதியிருந்தாய். கெட்டுப்போனதால்தான் சும்மா கொடுத்தார்களோ? இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு முருகையா ஏதோ செய்திருக்கிறான். நேற்று சாயங்காலம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு அவன்மேல்தான் சந்தேகம்.

இப்படிக்கு,
உன் ஆம்புரோஸ்


சிங்கப்பூர்
15.2.1994

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இயேசு ஆண்டவர் துணை. நாளை சாம்பல் புதன். கறி மீனை விடுவதோடு அந்த இனிப்புக் காப்பியையும் விடுங்கள். ஒரு காலை வாங்கிய சர்க்கரை வியாதி இன்னொரு காலையும் கேட்கும்.

முருகையாவைத் திட்டிவிடாதீர்கள். வண்டிகளையும் சக்கர நாற்காலிகளையும் பழுது பார்க்கச் செவ்வாய்தோறும் இங்கே பெர்னார்ட் என்று ஒருவர் வருகிறார். அவரிடம் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிடி இருக்கும். அதை மேலே தூக்கினால் வண்டியைக் கையால் தள்ளலாம், ஆனால் மோட்டார் ஓடாது. யாரோ தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே அழுத்தினால் சரியாகிவிடும். மேடு பள்ளத்தில் அந்தப் பிடியைத் தொடவே கூடாது. வண்டி தானாக உருண்டுவிடும், பிரேக் பிடிக்காது.

சார்ஜரை ராத்திரி போட்டால் காலை வரை விடுங்கள். பச்சை விளக்கு வந்த பிறகுதான் பிடுங்க வேண்டும்.

இன்னொன்று. டோரினைப் பற்றி எந்தச் சேதி வந்தாலும் எனக்கு எழுத வேண்டாம். கோயிலில் தாலி கட்டாமல் அந்தச் சிரம்பான் செட்டி வீட்டுப் பையனோடு போனவள் என் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன். பெற்ற மகளாக இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

உங்கள்
அந்தோனியம்மாள்


கிளென்ரோ தோட்டம்
2.3.1994

அன்புள்ள அந்தோனியம்மாளுக்கு,

மஞ்சள் பிடிதான். அழுத்தினேன், ஓடியது. முருகையாவை ஏற்கெனவே திட்டிவிட்டேன். அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை, போகட்டும்.

புதிதாக ஒரு தொல்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டாலும் மத்தியானத்துக்குள் முள் சிவப்புக்கு வந்துவிடுகிறது. பேட்டரியில் தண்ணீர் வற்றியிருக்கும் என்று நினைத்து, கடையில் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். மூடியைத்தான் காணோம். ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். உன் பெர்னார்டைக் கேள்.

அவருக்கு என்ன வயது இருக்கும்? செவ்வாய்தோறும் வருகிறவர் வண்டியைப் பார்ப்பாரா, உன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாரா? சும்மா கேட்டேன்.

ஆம்புரோஸ்


சிங்கப்பூர்
14.3.1994

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நெம்பாதீர்கள், நெம்பாதீர்கள். இது உங்கள் லாரிப் பேட்டரி கிடையாது. மூடியே இல்லாத பேட்டரி, தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நெம்பியிருந்தால் அமிலம் கண்ணில் தெறித்திருக்கும். அந்தத் தண்ணீரை யாராவது டிரைவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இருக்கையைக் கழற்றி, பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, வாசலின் தடவி இறுக்கிப் பூட்டுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்கிறார் பெர்னார்ட்.

ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, அண்ணன் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போறாரு?" என்றார். கோயிலுக்கும் கடைக்கும்தான் என்றேன். "அதுக்கெல்லாம் பாதி முள்ளுகூட இறங்காதுலா," என்றார்.

பிறகு நானே மனதுக்குள் போய்ப் பார்த்தேன். நம் வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். கடை அதற்கு அடுத்தாற்போல். கள்ளுக்கடைக்குப் போனாலும் அவ்வளவு ஆகாது. மத்தியானத்துக்குள் பேட்டரி தீருகிற அளவுக்கு நீங்கள் எங்கே போய்வருகிறீர்கள்?

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருவேன். பெர்னார்டுக்கு என்னைவிட வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

உங்கள்
அந்தோனியம்மாள்


கிளென்ரோ தோட்டம்
26.3.1994

அன்புள்ள அந்தோனியம்மாளுக்கு,

முனைகளில் பூத்திருந்தது, துடைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை.

எங்கே போகிறேன் என்று கேட்டிருக்கிறாய். சக்கரம் கிடைத்தவன் நாலு இடம் போகமாட்டானா? செம்பனைக் காட்டுப் பக்கம் போவேன், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம் போய்ப் பழைய ஆட்களோடு பேசுவேன். ஒன்று ஒன்றாக எழுதி அனுப்ப நான் என்ன வேலைக் கணக்குக் கொடுக்கிற மண்டோரா?

இரண்டு விஷயம் பெர்னார்டைக் கேட்டு எழுது. டிஸ்பென்சரி மேட்டில் ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது. இருக்கைக்குக் கீழே ஒரு பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு வருகிறது. அது என்ன? அடுத்து, நீளமான போல்ட் நாலு வாங்கி அனுப்பு. பின்னால் ஒரு பலகை வைக்க வேண்டும், தேங்காய் மூட்டை ஏற்ற. பகாவில் அந்த அளவு போல்ட் கிடைக்கவில்லை.

ஈஸ்டருக்கு வரச் சிரமப்படாதே. ரயிலில் கூட்டமாக இருக்கும். கெமாஸில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பிறகு வரலாம்.

ஆம்புரோஸ்


சிங்கப்பூர்
10.4.1994

வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சொன்னபடி ஈஸ்டருக்கு வரவில்லை. பூசை முடிந்து வந்து அறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றேன். நான் ஊரை விட்டு வந்த பிறகு, வராதே என்று நீங்கள் எழுதியது இதுதான் முதல் தடவை.

பொத்தானைப் பற்றிக் கேட்டீர்கள். மோட்டார் தாங்காத பாரம் ஏறினால் கருகிப்போகாமல் இருக்கக் கரண்டை வெட்டுகிற பொத்தான் அது. சாவியை அணைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். அடிக்கடி வெளியே வந்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம். உங்கள் எடையைச் சொன்னேன், மேடு எப்படி இருக்கும் என்றும் சொன்னேன். பெர்னார்ட் சிரித்தார். "ஒரு ஆளுக்கு இந்தப் பொத்தான் வெளிய வராதுக்கா. அண்ணன் பின்னால யாரையோ ஏத்துறாரு," என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

நேற்று நம் தோட்டத்துச் சன்னாசி வந்திருந்தான், இங்கே இருக்கிற மகன் வீட்டுக்கு. என்னைப் பார்க்க இல்லத்துக்கும் வந்தான். எங்கள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்றேன். "அவருக்கு என்னக்கா, ராஜாவாட்டம் சுத்துறாரு. கடைசி லயத்துல தாயம்மா வீட்டு வாசல்ல தினம் வண்டி நிக்குது," என்றான். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டான்.

தேங்காய் மூட்டைக்குப் பலகையா? தோட்டத்தில் யார் தேங்காய் விற்கிறார்கள்? தாயம்மா புருஷனை இழந்தவள். தனியாக இருக்கிறவள். நான் இங்கே ஊராருடைய பீத்துணியைத் துவைத்து, உங்களுக்குச் சக்கரம் வாங்கிக் கொடுத்தது அந்த வாசலில் போய் நிற்பதற்கா?

போல்ட் அனுப்பவில்லை.

அந்தோனியம்மாள்


கிளென்ரோ தோட்டம்
23.4.1994

அந்தோனியம்மாளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒற்றைக் காலோடு கிடக்கிறவன் மேல் இப்படி ஒரு பழியா? தாயம்மா நம் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டவள். அவளைச் சொல்ல உனக்கு நாக்கு எப்படி வந்தது?

நானும் கேட்கிறேன். பக்கம் பக்கமாக எழுதுவாயே, லயத்தில் யாருக்குக் குழந்தை, கோயிலில் யார் பாடினார்கள் என்றெல்லாம் கேட்பாயே, இப்போது ஏன் எல்லாக் கடிதத்திலும் பெர்னார்ட் சொன்னார், பெர்னார்ட் சிரித்தார்? என் எடை என்ன, என் வீட்டு மேடு எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஆளுக்கு எதற்கு? நீ திரும்பி வராமல் இருப்பதற்குத்தான் இந்த வண்டியைக் கொடுத்தாயோ என்று எனக்கும் தோன்றுகிறது. இவனுக்குச் சக்கரம் போதும், நான் வேண்டாம் என்று நினைத்துவிட்டாய்.

உன் போல்ட் எனக்கு வேண்டாம். பலகையைக் கம்பியால் கட்டிக்கொண்டேன்.

ஆம்புரோஸ்

பி.கு. டயரில் காற்றைக் குறைத்தால் குலுக்கல் குறையுமா? மண் ரோட்டில் ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. எவ்வளவு குறைக்கலாம் என்று மட்டும் எழுது.


சிங்கப்பூர்
5.5.1994

ஆம்புரோஸ் அவர்களுக்கு,

டயரில் எழுதியிருக்கிற அளவுக்குக் கீழே காற்றைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் டயர் ரிம்மை விட்டு நழுவும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். குலுங்காமல் போக மெதுவாகப் போக வேண்டும். இது நானே சொல்வது. யாரையும் கேட்கவில்லை.

உங்களை எனக்குத் தெரியும். மரம் ஏற்றிக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் லாரியைத் தூக்கிப் போட்டு ஓட்டியவர் நீங்கள். நான் வயிற்றில் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தச் சில மாதம்தான் பள்ளம் பார்த்து ஓட்டினீர்கள். அப்போதுதான் குலுங்கக் கூடாது என்ற நினைப்பு உங்களுக்கு வந்தது. இப்போது மறுபடி வந்திருக்கிறது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டிஸ்பென்சரி மேடு. பின்னால் பலகை. குலுங்கக் கூடாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது, இல்லையா? சன்னாசி வாயை மூடிக்கொண்டதும் அதற்குத்தான்.

பலகையில் உட்காருகிறவள் யார், அவள் வயிற்றில் இருப்பது யாருடையது என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் எனக்குக் கடிதமே வேண்டாம். வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

அந்தோனியம்மாள்


கிளென்ரோ தோட்டம்
13.5.1994

அந்தோனியம்மா,

கோபத்தோடு படி, ஆனால் கடைசி வரை படி.

நேற்று டிஸ்பென்சரி மேட்டில் பாதி ஏறியபோது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. ஹாண்டில் என் கையில் காற்றில் நிற்கிறது. பின்னால் இருந்தவள் "அப்பா!" என்று கத்தினாள். நான் முன்னால் கவிழ்ந்து என் உடம்பை ஹாண்டில்மேல் போட்டேன். சக்கரம் இறங்கியது. முருகையா எங்கிருந்தோ ஓடிவந்து பின்னால் தாங்கிக்கொண்டான். என்னோடு பேசாதவன்தான். அவன் வராவிட்டால் மல்லாந்து விழுந்திருப்போம். இதற்குமேல் பொய் எழுதினால் இரண்டு உயிருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பின்னால் இருந்தவள் டோரின். எட்டாவது மாதம்.

அந்தப் பையன் மெய்யப்பன் நல்லவன்தான். அவனையும் அவன் வீட்டில் சேர்க்கவில்லை. நீலாயில் கட்டட வேலை, தகரக் கொட்டகையில் ஆம்பிளைகளோடு படுக்கை. அங்கே இவளை எப்படி வைத்துக்கொள்வான்? பெப்ரவரி கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு இவள் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். நம் வாசலுக்கு எதிரில் வந்து நின்றாள். படி ஏறவில்லை. "அம்மா உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா, நீங்க வாக்கு மாற வேணாம்," என்றாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. தாயம்மாதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் வீட்டில்தான் சோறும் படுக்கையும்.

கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மேடு ஏறக் கூடாது என்று டிஸ்பென்சரி நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் பார்க்க இரண்டு நாளைக்கு ஒரு தரம் வரவும் சொல்கிறார். தோட்டத்தில் பேர் இல்லாதவளுக்குத் தோட்டத்து வேன் கிடையாது. கிராணியைக் கெஞ்சியும் பார்த்தேன். வேறு என்ன செய்வேன்? வீட்டுக்குள் சேர்க்காதே என்று நீ சொன்னாய், சேர்க்கவில்லை. வண்டியில் ஏற்றாதே என்று சொல்லவில்லை, ஏற்றினேன்.

ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மை. உன்னிடம் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கும் இல்லை. சொன்னால் என்னையும் விட்டுவிடுவாய் என்று பயந்தேன். அந்த பெர்னார்டைப் பற்றி எழுதியதும் அந்தப் பயத்தில் எழுதியதுதான்.

நீ திட்டு, வராமல் இரு, எதுவும் செய். ஆனால் இவளை மேடு ஏற்ற ஒரு வழி சொல். திங்கட்கிழமை மறுபடி போக வேண்டும். உனக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று இந்தக் கடிதத்தைச் சிங்கப்பூர் போகிற லாரியில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆம்புரோஸ்


சிங்கப்பூர்
14.5.1994

டோரின் அப்பாவுக்கு,

அதே லாரி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுத வேண்டும்.

முதலில் அந்தப் பலகையைக் கழற்றி அடுப்பில் வையுங்கள். இங்கே ஒரு தாத்தா இதே மாதிரி வண்டியில் பேத்தியைப் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு கார் ஏறுகிற சரிவில் போய், இரண்டு பேரும் மல்லாந்து விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது சூப்புக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

தாயம்மாவை எவ்வளவு சபித்திருக்கிறேன் தெரியுமா? படுக்கும்போது சபித்தேன், செபம் செய்துவிட்டும் சபித்தேன். அவள் என் பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வெட்கம் எனக்கு வந்திருக்குமா? இதற்கு உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும். அவசரப்படுத்தாதீர்கள்.

வீடு வேறு வண்டி வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் வண்டியைப் பற்றியும் யோசித்திருக்கலாம். அது ஒருவரை மேட்டில் ஏற்றும், இரண்டு பேரை ஏற்றாது. அப்படியானால் அவளை மட்டும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னால் என்ன? இத்தனை நாளாக அது ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை என்று யோசித்தேன். பிறகு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. லாரி ஓட்டிய காலத்தில் அட்டெண்டன்ட் ஒருவனையும் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை நீங்கள். டிரைவர் ஓட்டுவார், மற்றவர்கள் பின்னால் ஏறிக்கொள்ள வேண்டும். கால் போயும் அந்தக் குணம் போகவில்லை.

சாவியை அவளிடம் கொடுங்கள். ஹாண்டிலில் ஆமைப் படமும் முயல் படமும் போட்ட திருகு இருக்கிறதே, அதை ஆமைப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். மேட்டில் நேராக ஏற வேண்டும், குறுக்கே திருப்பக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் பிடியிலிருந்து கையை எடுத்தால் போதும், வண்டி தானாக நிற்கும். முருகையாவிடம் மன்னிப்புக் கேட்டு, திங்கட்கிழமை அவள் பின்னாலேயே நடந்து போகச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருங்கள். வாசற்படி உங்களுக்குப் பழக்கம்தானே.

இல்லத்தில் லீவு கேட்டேன். கொடுக்க மாட்டோம் என்றார்கள். வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதக் கணக்கை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ரயிலேறிச் சனிக்கிழமை காலை தோட்டத்து முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். மெய்யப்பனையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். அவனிடம் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. அவன் பயப்பட வேண்டும் என்றே சொல்லுங்கள்.

அவளை அதற்குள் வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள். உள்ளே வரக் கூடாது என்று சொன்ன வாய் என்னுடையது. நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மைதானா என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பெற்ற மகளைத் தேங்காய் மூட்டை என்று எழுதியவர் நீங்கள். அதனால் சொல்கிறேன், முச்சந்தி வரை மேடு கிடையாது. நான் இறங்கும்போது வண்டியில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்து நின்றால், அதே பஸ்ஸில் திரும்பி ஏறிவிடுவேன்.

அந்தோனியம்மாள்